மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் ஒன்றரைப் படி மாவு

மந்திரமூர்த்தி அண்ணாச்சியோடு நான் முதலில் பேசியது ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம். திரேஸ்புரத்தில் இருக்கும் அவருடைய ஆட்டுக்கறிக் கடையில் அப்போது ஒருவரும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் அங்கே கறி ஓடாது. அதற்காகவே அந்த நாளைத் தேர்ந்திருந்தேன். கூட்டத்துக்கு நடுவில் நின்று கேட்கும்படியான கேள்வி இல்லை அது.

எவ்வளவு வேணும் என்று கேட்டார். கறி வேண்டாம், ஒரு சந்தேகம் மட்டும் என்றேன். கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, ஆட்டின் ஈரலோடு ஒட்டினாற்போல் ஒரு மடல் இருக்குமாமே, அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"எந்தக் காலேஜுல பாப்பா இந்தப் பரீட்ச வைக்காங்க?" என்றார்.

பரீட்சை இல்லை, மொழிபெயர்ப்பு என்று விளக்கினேன். எங்கள் கிறிஸ்தவ சபையின் மாத இதழுக்காக, எபிரேயர்களின் பழைய பலிச் சட்டங்களைப் பற்றி ஒரு பேராசிரியர் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். எபிரேயர் என்றால் யார் என்று கேட்டார். யூதர்களின் முன்னோர் என்றேன். அவர்கள் ஆடு வெட்டினார்களா என்றார். ஆடு, மாடு, புறா எல்லாமே என்றேன்.

"அப்ப நம்ம சொடலமாடன் கோயில் மாதிரித்தான்."

ஐஸ் பெட்டியிலிருந்து ஓர் ஈரலை எடுத்துப் பலகையில் விரித்து, ஓரத்தில் நாக்குப்போல மடிந்திருந்த பகுதியைக் கத்தி முனையால் தூக்கிக் காட்டினார். தனிப் பெயர் ஒன்றும் இல்லை, ஈரல் மடிப்பு என்று எழுது என்றார். குண்டிக்காய் என்கிற சிறுநீரகம் எது, அதன்மேல் கொழுப்பு எப்படி மூடியிருக்கும் என்பதையும் காட்டினார். நான் எழுதிக்கொண்டேன்.

அங்கே யார் வெட்டுவார்கள், பூசாரியா என்று கேட்டார். பெரும்பாலும் பலி கொண்டுவந்தவரேதான் என்றேன். முதலில் அதன் தலையில் கையை வைக்க வேண்டும், பிறகு அவரே அறுக்க வேண்டும், ரத்தத்தை வாங்குவதிலிருந்துதான் அவர்களுடைய பூசாரியான ஆசாரியனின் வேலை தொடங்கும்.

"அப்ப எனக்கு அங்கன சோலியே இல்ல," என்று சிரித்தார். "எதுக்காவ அறுப்பாங்க?"

நன்றிக்கு, நேர்ச்சைக்கு, பிழைக்கு என்று சொல்லிவிட்டு, பிழை என்றால் பெரும்பாலும் தெரியாமல் செய்த பிழைதான், மனதறிந்து திமிராகச் செய்ததற்குப் பலியால் தீர்வு கிடையாது என்று சேர்த்தேன்.

கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"தெரியாமச் செஞ்சா அது பாவமே இல்லன்னுல்லா எல்லாவனும் சொல்லுதான்."

அந்தச் சட்டத்தில் அப்படி இல்லை, தெரியாமல் செய்தாலும் அது பிழைதான், தெரிய வந்த அன்றைக்கு அதைத் தீர்க்க வேண்டும் என்றேன். அவர் ஈரலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு, அந்தப் பக்கத்தை எழுதி முடித்ததும் கொண்டுவந்து வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

அவ்வளவுதான் அன்றைய பேச்சு. அவர் ஏன் அதைக் கேட்டார் என்ற காரணம் எனக்குத் தெரியவில்லை. கேட்கிற பழக்கமும் எனக்கு இல்லை. பத்தாவது வரை தமிழில் படித்து, அதற்குப் பிறகு ஆங்கிலத்துக்கு மாறியதில், இரண்டு மொழியிலும் கேட்க வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவது வழக்கமாகிப்போனது. துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கடிதம் எழுதுவது என் வேலை. அது எனக்குப் பொருந்தியது.

காரணத்தைச் சொன்னது அவருடைய மனைவி உமாராணி அக்கா. அடுத்த வாரம் நான் தாளோடு போனபோது அண்ணாச்சி எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். அக்காதான் கல்லாவில் இருந்தார். "நீதான் பலியப் பத்தி எழுதுத பிள்ளையா? உக்காரு," என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டு, யாரிடமாவது சொல்லத் துடித்துக்கொண்டிருந்தவர்போல் தொடங்கிவிட்டார்.

அண்ணாச்சிக்குத் தேரிக்காட்டுப் பக்கம் ஊர். பனங்காட்டை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து கறிக்கடை போட்டு இருபத்து நான்கு வருடம். கிடா மட்டும்தான் அறுப்பார். தட்டுப்பாட்டில் எப்போதாவது பெட்டை ஆடு வாங்க நேர்ந்தால், அறுப்பதற்கு முன் அதன் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, மூச்சுப் பத்து எண்ணுகிற வரை நிற்பார். உள்ளே ஏதாவது அசைந்தால் அந்த ஆடு வந்த வழியே திரும்பிவிடும். மற்ற கடைக்காரர்கள், மந்திரமூர்த்தி ஆட்டுக்கு ஸ்கேன் எடுக்கிறார் என்று கேலி செய்வார்கள்.

போன ஆடியில் ஒரு கோயில் கொடை விழாவுக்குப் பதினோரு ஆடு கேட்டிருந்தார்கள். ஒன்று குறைந்தது. வேம்பார் ரோட்டில் ஆட்டுக் கிடை போட்டிருக்கும் அய்யாக்குட்டி ஒரு பெட்டையை அனுப்பினார். இரண்டு வருடமாகச் சினை பிடிக்கவில்லை, மலடு என்று சொல்லித்தான் அனுப்பினார். அய்யாக்குட்டியின் சொல்லை அண்ணாச்சி ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. வண்டி வாசலில் காத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் கையை வைத்துப் பார்க்கவில்லை.

உள்ளே இரண்டு குட்டி. ரோமம் முளைத்திருந்தது.

அந்தக் கறியை அவர் கொடுத்தனுப்பவில்லை. தாயையும் குட்டிகளையும் ஆடு அறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டி, உப்பைக் கொட்டிப் புதைத்துவிட்டு, பத்து ஆட்டுக்குத்தான் காசு வாங்கினார். அக்காவையும் கூட நின்று அறுத்தவர்களையும் தவிர யாருக்கும் தெரியாது. அதோடு போயிருக்கும். ஆவணி முதல் வாரத்தில் ஆழ்வார்திருநகரியிலிருந்து மகள் சண்முகப்ரியா போன் செய்தாள். கல்யாணமாகி மூன்று வருடத்துக்குப் பிறகு நாள் தள்ளியிருக்கிறது என்று சொன்னாள்.

"எல்லாரும் சிரிச்சோம். இந்த மனுசன் மட்டும் போனக் குடுத்துட்டு வெளிய போயிட்டாரு. அன்னையிலேருந்து மவளப் பாக்கப் போகல. பிள்ள பெறக்க வரைக்கும் அவளத் தொட மாட்டாராம். அவர் கைப்பட்டா ஆகாதாம்," என்றார் அக்கா.

தை மாதம் வளைகாப்பு. அது முடிந்தால் தலைப்பிரசவத்துக்கு மகளை இங்கே கூட்டிவர வேண்டும். அவள் வீட்டில் இருக்கிற வரை தான் கடையிலேயே படுத்துக்கொள்வதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார். அப்பாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று மகள் போனில் அழுகிறாள். சம்பந்தி வீட்டில் வேறு மாதிரி பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ஜோசியர் ஒருவரிடம் கேட்டார்களாம். ஒரு கிடாவை மாடனுக்கு வெட்டிவிட்டால் தோஷம் போகும் என்றிருக்கிறார். "ஆட்டுக்கு ஆடா, அது என்ன பரிகாரம்னு இவரு எந்திரிச்சு வந்துட்டாரு. இப்ப உன்னயப் பிடிச்சிருக்காரு. நீயாவது ஒரு வழி சொல்லு தாயி."

நான் வழி சொல்கிறவள் இல்லை. என்னிடம் இருந்தது சில தாள்கள்தான்.

அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். செவ்வாய்தோறும், ஆள் வராத நேரத்தில். பலி என்றதும் நமக்குக் கொடூரம் என்று தோன்றுகிறது, ஆனால் கறி தின்பதை நாம் நிறுத்தவில்லை, ஒரு உயிர் போவதைப் பார்க்காமல் இருக்கும் வசதியைத்தான் சம்பாதித்துக்கொண்டிருக்கிறோம் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். தின்கிறவன் தன் கையை அதன் தலையில் வைத்தாக வேண்டும் என்ற விதி, உயிரை எடுப்பதைச் சாதாரண காரியமாக விடக்கூடாது என்பதற்காக இருந்திருக்கலாம் என்பது அவர் வாதம்.

"அவங்க தலையில வச்சிருக்காங்க. நான் வயித்துல வச்சேன். ஒருநா வைக்கல," என்றார் அண்ணாச்சி.

பிழைக்கான பலியைப் பற்றிய பகுதி வந்தபோது தயங்கினேன். சாதாரண ஜனங்களில் ஒருவன் தெரியாமல் பிழை செய்தால் கொண்டுவர வேண்டியது பழுதில்லாத ஒரு பெட்டை வெள்ளாடு. வாசித்தேன். அவர் முகம் இறங்கியது. "அங்கனயும் ஆடுதானா," என்று மட்டும் கேட்டார். மீதியை வேகமாக வாசித்தேன். சில பிழைகளுக்கு, ஆட்டுக்கு வசதி இல்லாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம். அதற்கும் வசதி இல்லாதவன் கொஞ்சம் மாவு கொண்டுவந்தால் போதும். எண்ணெய் சேர்க்கக்கூடாது, சாம்பிராணி போடக்கூடாது. ஒரு பிடி மாவு நெருப்புக்கு. மிச்சம் ஆசாரியனுக்கு. அவனுடைய பிழையும் அந்த ஆடு கொண்டுவந்தவனின் பிழையைப் போலவே மன்னிக்கப்படும்.

எவ்வளவு மாவு என்று கேட்டார். நம் அளவில் ஏறக்குறைய ஒன்றரைப் படி வரும் என்றேன்.

இதற்கு அடுத்த பக்கங்களில் ஒன்றைத்தான் நான் அவருக்கு வாசிக்கவில்லை. ஆட்டையும் அதன் குட்டியையும் ஒரே நாளில் கொல்லக்கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. இரண்டு வரிதான். அதை இதழுக்காகத் தமிழில் எழுதினேன். கடைக்குக் கொண்டுபோன தாளில் மட்டும் விட்டுவிட்டேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மார்கழிக் கடைசியில் இதழ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. திரேஸ்புரத்தில் அன்று கடலுக்குப் போக மாட்டார்கள், கறிக்கடை வாசலில் இடம் இருக்காது. நானும் வீட்டுக்குக் கறி வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எங்கள் சபை உபதேசியார் தேவபிரசாதம், பையை ஒரு கையிலும் இதழை ஒரு கையிலுமாக வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, உம்ம தொழிலுக்கு ஒரு சட்டம் வந்திருக்கு, கேளும்," என்று சிரித்தபடி அந்த இரண்டு வரியையும் உரக்க வாசித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். யாரோ, "அப்ப குட்டிய நாளைக்கு வெட்டணும்," என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு, தராசில் ஏற்றிய கறியை இறக்கி, மறுபடி நிறுத்தார். பொட்டலத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கறியை வீட்டில் கொடுத்துவிட்டு அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். போனேன்.

"இத ஏன் பாப்பா எனக்குப் படிக்கல?"

உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன் என்றேன்.

"கஷ்டம் எனக்கு ஆடியிலேருந்து இருக்கு. புதுசா நீ என்னத்தக் கொண்டாரப் போற?" கோபம் இருந்தது. அது சீக்கிரமே தணிந்தது. "ஆறு மாசமா விசயம் தெரிஞ்ச எல்லாரும் எங்கிட்ட ஒண்ணத்தான் சொல்லுதாங்க. ஆடுதானே, தெரியாமத்தானே, விடுங்க அண்ணாச்சின்னு. உமாவும் அதேதான். எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கோன்னு நானே நெனச்சேன். எந்தக் காலத்துலயோ, எந்தத் தேசத்துலயோ ஒருத்தன் ஆட்டுக்கும் அது குட்டிக்கும் இடையில ஒண்ணு இருக்குன்னு நெனச்சு, சட்டமா எழுதி வச்சிருக்கான். நெஞ்சுல ஏறியிருந்தது பாதி எறங்கிட்டு பாப்பா. இதப்போயி மறச்சுட்டியே."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் தலையாட்டிவிட்டு, வேறு எதையெல்லாம் விட்டாய், எல்லாவற்றையும் வாசி என்றார். விட்டது அது ஒன்றுதான். ஆனாலும் முதலிலிருந்து வாசித்தேன். பலிக்கு முன்பாக, பிழை செய்தவன் தான் செய்தது இன்னது என்று தன் வாயால் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். யாரிடம் சொல்ல வேண்டும் என்றார். அது அங்கே தெளிவாக இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.

பிறகு மாவைப் பற்றி நெடுநேரம் பேசினோம். அது ஏழைக்கான சலுகை, எனக்குக் கடை இருக்கிறது, ஆடு வாங்க வசதி இருக்கிறது, நான் மாவு கொடுத்தால் ஏமாற்று ஆகாதா என்பது அவருடைய கேள்வி. பேராசிரியரின் குறிப்பில் அதற்குப் பதில் இல்லை. யோசித்துக்கொண்டே இருந்தவர், தானே சொன்னார்.

"கடைக்கு அறுக்கது வேற. என் தப்புக்குன்னு இன்னொரு ஆட்டப் பிடிச்சு அறுக்க எங்கிட்ட மனசு இல்ல. மனசு இல்லாதவனும் இல்லாதவந்தானே? எனக்கு மாவுதான்."

தமிழிலும் ஆங்கிலத்திலும் நான் வாசித்த விளக்கங்களில் இதைச் சொன்னவர் யாரும் இல்லை. சரியா தவறா என்று சொல்லும் படிப்பும் எனக்கு இல்லை. அங்கே கோயிலும் ஆசாரியனும் இல்லாமல் போய் இரண்டாயிரம் வருடம் ஆகிறது, இப்போது யாரும் பலி கொடுப்பதில்லை என்றேன். அது அவரைத் தடுக்கவில்லை.

தை பிறந்த முதல் வாரம், கடையின் குட்டியானை வண்டியில் வேம்பார் ரோட்டுக்குப் போனோம். அண்ணாச்சி ஓட்ட, அக்காவும் நானும் பக்கத்தில். அக்காவின் மடியில் தூக்குச்சட்டி நிறைய கம்பு மாவு. முறை தப்பினால் சொல்வதற்கு என்று என்னைக் கூட்டிப்போனார்கள்.

"வேதக்காரப் பிள்ளைய வச்சு, சொடலமாடன் வீட்டு மனுசன், யூதக்காரன் பூச பண்ணப் போறாரு. எங்க அய்யா இருந்தா என்னைய இந்த வீட்டுல குடுத்திருக்கவே மாட்டாரு," என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார் அக்கா. ஆனால் சட்டியை ஒரு பள்ளத்துக்கும் சிந்தவிடவில்லை. காலையில் குளித்துவிட்டு அவரே இடித்துச் சலித்த மாவு அது.

உப்பளத்தை ஒட்டிய பொட்டலில் அய்யாக்குட்டியின் கிடை. எங்களைப் பார்த்து ஓடிவந்தார். ஆடு வாங்க வந்திருக்கிறோம் என்று நினைத்தார். அண்ணாச்சி அவரை உட்காரச் சொல்லி, ஆடியில் நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். கை வைத்துப் பார்க்காததைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. அய்யாக்குட்டி தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தானே மலடுன்னு சொன்னேன் அண்ணாச்சி. எனக்குல்லா அந்தப் பாவம்."

"ஒனக்கு உள்ளத நீ பாத்துக்க. எனக்கு உள்ளத நான் கொண்டாந்திருக்கேன்."

இப்போது சினையாக இருக்கும் ஆடுகள் எவை என்று கேட்டார். ஏழு இருந்தன. அய்யாக்குட்டி அவற்றைப் பிரித்துவிட்டார். ஆடுகளைப் பூச்சி அண்டாமல் இருக்கப் போட்டிருந்த புகைமூட்டத்தின் நெருப்பில் அண்ணாச்சி ஒரு பிடி மாவைப் போட்டார். கம்பு கருகும் வாசம் வந்தது. எண்ணெய் இல்லையே, சாம்பிராணி இல்லையே என்று என்னிடம் உறுதி செய்துகொண்டார். மீதி மாவைத் தண்ணீரில் கரைத்து, ஏழுக்கும் தானே சட்டியைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார். ஆசாரியனுக்குச் சேர வேண்டிய பங்கு அது. சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விட்டேன். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. கடைசி ஆடு அவருடைய முழங்கை வரை நக்கியது.

திரும்பும்போது அக்கா காலிச் சட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தூத்துக்குடி நெருங்கியபோது, "வளகாப்புக்கு நீயும் வந்துரு தாயி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆழ்வார்திருநகரியில் சம்பந்தி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை பாண்டியராஜன் வந்து அண்ணாச்சியைக் கும்பிட்டார். சம்பந்தியம்மா கும்பிடவில்லை. இப்போதாவது வழி தெரிந்ததே என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார், எங்களுக்குக் கேட்கும்படி. அண்ணாச்சி அதற்குத் தலை குனிந்துகொண்டார். சடங்கு தொடங்கும் முன் மகளிடம் தனியாக ஒரு நிமிடம் பேச வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

உள்ளறையில் சண்முகப்ரியா பட்டுச் சேலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வளையல் தாம்பாளமும் ஒரு செம்புத் தண்ணீரும் இருந்தன. அப்பாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலை அடைத்துக்கொண்டு அக்கா நின்றார். நான் வெளியேறப் பார்த்தபோது அண்ணாச்சி இரு என்று கண்ணைக் காட்டினார்.

அவர் நின்றபடியே சொன்னார். அய்யாக்குட்டியிடம் சொன்னது போலத்தான், ஒன்றையும் விடவில்லை. இரண்டு குட்டி, ரோமம் முளைத்திருந்தது என்பதைக்கூட. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார், வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் சொல்லும் பேச்சா இது என்ற பயத்தில். அதற்குப் பிறகு உன் போன் வந்தது, என் கையால் உனக்கு ஏதும் ஆகிவிடக்கூடாது என்று பயந்துவிட்டேன், உன் மேல் கோபம் இல்லை என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். பந்தலில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்காப்பா வரல? நான் என்னெல்லாமோ நெனச்சு அழுதேன்," என்றாள். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "போன்ல சொன்னா என்ன? எனக்குந்தான் பயமா இருக்கு. தெனமும் பயமா இருக்கு. ஒங்ககிட்டச் சொல்லலாம்னா நீங்க வரல."

பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். "மொத வளையல நீங்க போடுங்க."

"ஏளா, ஆம்பள வளையல் போடுத வழக்கம் எங்க இருக்கு? பொம்பளைய எல்லாம் வெளிய காத்திருக்காங்க," என்றார் அக்கா.

"அவங்க பொறவு போடட்டும். அப்பாதான் மொதல்ல."

அக்கா தாம்பாளத்திலிருந்து ஒரு ஜோடி பச்சை வளையலை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, அந்தச் செம்ப எடு. என் கையில கொஞ்சம் தண்ணி ஊத்து," என்றார்.